இரண்டு கையிலும் பட்டை

வேங்கிக்காலில் என் மகள் படிக்கும் பள்ளியில் விளையாட்டு பீரியட் இப்போது பெரிய திரைக்கு முன்னால் நடக்கிறது. பிள்ளைகள் மணிக்கட்டில் பட்டை கட்டிக் குதிக்க, அவரவர் இதயத்துடிப்பு பெயரோடு திரையில் தெரியும். எனக்கு அது சரியாகப் படவில்லை. நேரில் போனேன்.

பி.டி. மிஸ் ஒல்லியாக, உயரமாக இருந்தார். பேசும்போதும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினார்.

"எம் பொண்ணோடத வேற யாருலாம் பாக்கறாங்க மிஸ்?"

"பட்டை குடுத்த கம்பெனில பாக்கறாங்கன்னு மட்டும் சொன்னாங்க." தன் கையைக் காட்டினார். "எனக்கும் கட்டிட்டாங்க. கொஞ்ச நேரம் சும்மா நின்னா ஆபீஸ்ல கேக்கறாங்க."

"அப்போ இவளுக்கு வேணாங்க."

மறுப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற மகளின் பட்டையைக் கழற்றித் தன் இன்னொரு கையில் கட்டிக்கொண்டார். அவளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, திரைக்கு முன்னால் குதிக்கத் தொடங்கினார். என் மகளின் பெயருக்கு நேராக எண் ஏறியது.

அதன்பின் ஒவ்வொரு பீரியடும் அப்படித்தான் என்றாள் மகள். அவளுக்காகச் செய்கிறாரா, ஒரு பெயர் காலியாக இருந்தால் தன்னைக் கேட்பார்கள் என்று செய்கிறாரா, எனக்குப் புரியவில்லை.

மாதக் கடைசியில் பள்ளியிலிருந்து என் போனுக்குச் செய்தி வந்தது. மகளுக்கு இதயம் சற்று அதிகமாகத் துடிக்கிறதாம், டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். டாக்டரிடம் போக வேண்டிய மிஸ்ஸிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.