ரெங்கம்மாவின் பொட்டு வைத்த படம்

ரெங்கம்மாவின் முகம் கப்பலேறி லண்டன் வரைக்கும் போயிருக்கிறது. ரெங்கம்மா போனதெல்லாம் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக் கடைவீதி வரைக்கும்தான். பெரிய விஷக்காய்ச்சல் வந்த வருசம் தோட்டக் கூலிகளின் லயத்துக் காம்பராவிலேயே செத்துப்போனாள். ஆனால் அதற்குப் பத்து வருசம் முன்னாலேயே அவள் பாதி செத்திருந்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மதுரைச் சீமையில் மழை பொய்த்த வருசம் அவள் புருசன் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தான். தாலியை அறுத்து, பொட்டை அழித்து, வெள்ளைச் சீலையைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் அறுத்துக் கட்டும், அதாவது மறுதாலி ஏற்கும், வழக்கம் கிடையாது. சரி, வழக்கத்தைக் காப்பாற்றியாயிற்று, வயிற்றை யார் காப்பாற்றுவது? மூன்று வயது மகள் பேச்சியை புருசனின் அண்ணனான மூத்தார் பொன்னையாவின் வீட்டில் விட்டுவிட்டு, கங்காணி கந்தப்பன் சேர்த்த ஆட்களோடு இலங்கைக்கு வந்துவிட்டாள். இரண்டே வருசத்தில் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். ஐந்து வருசம் ஓடிவிட்டது.

அந்த ஐந்தாம் வருசத்தில் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் முக்காலிப் பெட்டியோடு வந்து மலையில் இறங்கினான். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியைப் படம் பிடிக்க வேண்டுமாம். தோட்டத்துத் துரை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து ரெங்கம்மாவுக்கு நேரே பிரம்பை நீட்டினார். ஆனால் கறை ஏறிச் சாம்பலாகிப்போன வெள்ளைச் சீலையும் வெறும் நெற்றியும் படக்காரனுக்குப் பிடிக்கவில்லை. கங்காணியின் பெண்சாதி இராக்கம்மாவின் சிவப்புச் சீலை வந்தது. அவளுடைய அட்டிகை, தோடு, வளையல் எல்லாம் வந்தன. கடைசியாகக் குங்குமச் சிமிழும் வந்தது.

"ஐயோ, வேணாங்க, நான் தாலியறுத்தவ" என்று ரெங்கம்மா பின்வாங்கினாள்.

"தொரை சொல்லிட்டாரு, என்னா செய்யச் சொல்ற? ஒரு நிமிசத்து வேசந்தானே, அழிச்சிட்டுப் போ" என்றார் கந்தப்பன்.

வளையல் கையில் ஏறியபோது அவளுக்கு உடம்பே சிலிர்த்தது. பிடித்திருந்தது, ஆமாம், பொய் சொல்வானேன்! இருபத்தைந்து வயசுக்காரிக்கு வளையல் சத்தம் பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்? அதனால்தானோ என்னவோ, பிறகு லயத்துப் பீலியில் கொட்டும் தண்ணீரில் பொட்டைத் தேய்த்துக் கழுவியபோது அழுதாள்.

அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் பதுளைக்குப் போனபோது, எல்லோருக்கும் அண்ணன் முறையான றஹீம் நானாவின் கடை வாசலில் கம்பியில் செருகியிருந்த தபால் அட்டைகளுக்கு நடுவே அவளே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சீலைக்கும் பொட்டுக்கும் அச்சில் சிவப்பு ஏற்றியிருந்தார்கள். நானா வாய்விட்டுச் சிரித்து, ஒன்றைச் சும்மாவே கொடுத்தார்.

அந்த நேரம் கந்தப்பன் ஆள் சேர்க்க ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பேச்சியைக் கையோடு கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ரெங்கம்மாவுக்கு ஒரே கவலைதான். மூன்று வயசில் பார்த்த முகத்தைப் பிள்ளை மறந்திருக்குமே, முன்பின் தெரியாத ஆளோடு எப்படி வரும்?

"கங்காணி அய்யா, இந்தப் படத்தக் காட்டுங்க. இதான் உன் ஆத்தான்னு சொல்லுங்க. பயப்படாம வந்துரும்" என்று அட்டையை நீட்டினாள்.

பொட்டு அவள் கண்ணில் படவே இல்லை. கந்தப்பன் கண்ணிலும் படவில்லை. தோட்டம் முழுக்க அது வேசம் என்று தெரியும். தோட்டத்துக்கு வெளியேயும் ஒரு உலகம் இருக்கிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை, பாவிகள்!

இரண்டு மாதம் கழித்துப் புது ஆட்கள் மலையேறி வந்தார்கள். மகளுக்கு வாங்கிய பூப்போட்ட பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு ரெங்கம்மா தெருமுனையில் காத்திருந்தாள். கடைசி ஆளும் கடந்து போனபிறகு கந்தப்பன் தனியாக வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

"எம்புள்ளைக்கு என்னாச்சுங்க?"

"புள்ள நல்லாத்தான் இருக்கு. படத்தப் பாத்ததும் உன் மூத்தாரு குதிச்சாரு. 'அறுத்துக் கட்டிக்கிட்டாளா அவ'ன்னாரு. இல்லீங்க, தொரைக்காகப் போட்ட வேசம்னு தலபாடா அடிச்சிச் சொன்னேன். அப்ப நகை யாருதுன்னு கேட்டாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"எம் பொண்டாட்டியோடதுன்னு உள்ளதச் சொல்லித் தொலைச்சேன். 'ஓகோ, நீதானா அவன்'னு கட்டையத் தூக்கிட்டு வந்துட்டாருடி!"

ரெங்கம்மா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். "பேச்சி பாத்துச்சா?" என்றாள்.

கந்தப்பன் தலையைத் திருப்பிக்கொண்டார். "பாத்துச்சு. கையில வாங்கித்தான் பாத்துச்சு. 'இது எங்காத்தா இல்ல, எங்காத்தா வெள்ளச் சீல, பொட்டு வைக்காது'ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு."

எட்டு வயசுப் பிள்ளை அம்மாவைப் பற்றிக் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது அவ்வளவுதான். வெள்ளைச் சீலை, வெறும் நெற்றி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெங்கம்மா பதுளைக்கு நடந்தாள். கடைக் கம்பியில் இருந்த அட்டைகளை எல்லாம் கொடுத்துவிடும்படி றஹீம் நானாவிடம் கேட்டாள். விசயத்தைக் கேட்டதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"எடுத்துக்க புள்ள. ஆனா இத எடுத்து என்ன ஆவப்போவுது? கொழும்புல ஆயிரக்கணக்குல அடிச்சிருக்காங்க. கப்பல்ல வாற வெள்ளக்காரனெல்லாம் வாங்கிட்டுப் போறானே."

"ஊரு உலகத்துக்கெல்லாம் என் மொகம் தெரியுது நானா. நான் பெத்ததுக்குத்தான் தெரியல."

அவள் ஒரு அட்டையை உருவி, விரலில் எச்சில் தொட்டு, படத்து நெற்றியில் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். சிவப்பு அசையவில்லை.

"அது அச்சு புள்ள" என்றார் நானா மெதுவாக. "அழியாது."

அவர் சொன்னது காதில் விழாதவளாக ரெங்கம்மா தேய்த்துக்கொண்டே இருந்தாள்.