மழைக்கு முன்பே வந்துவிடும் ஸ்டெல்லா அக்கா

சேவியரின் போன் வந்தபோது மழை விட்டிருந்தது. ஊர்க்காரர்களோடு நான் பள்ளிக்கூடத்து வெள்ள நிவாரண முகாமில் இருந்தேன். சேவியர் தேங்காய்ப்பட்டணத்தில் மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவன்; அவன் அழுது நான் கேட்டதில்லை. “சாரே, ஸ்டெல்லாக்கா போயிட்டா,” என்றான். பிறகு, “எல்லாம் அவ படிப்பிச்ச மாதிரிதான் செய்தோம் சாரே. ஒண்ணும் தப்பா செய்யல்ல,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மரிய ஸ்டெல்லா அக்காவை நம் கடற்கரையில் அறியாதவர்கள் குறைவு. இளம்பிள்ளை வாதத்தால் சிறுவயதிலேயே கால்கள் தளர்ந்தவர். தையல் கடை நடத்தினார். மழைக்காலம் தொடங்குமுன்பே சக்கர நாற்காலியில் நம் வீடுகளுக்கு வந்துவிடுவார். நடக்க முடியாதவர், பார்வையற்றவர், காது கேளாதவர் என்று ஒவ்வொருவரிடமும், வெள்ளம் வந்தால் எப்படி வெளியேறுவீர்கள் என்று கேட்பார்.

அவரே பட்டு அறிந்த கேள்வி அது. ஒரு புயலின்போது இளைஞர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து முகாமில் சேர்த்தார்கள். நாற்காலியை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். முகாமின் கழிப்பறைக்குப் படியேற வேண்டும். ஒவ்வொரு முறையும் யாரையாவது தூக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, முடிந்தவரை தண்ணீர் குடிக்காமலே கிடந்தார். “எனக்க உயிரக் கொண்டுவந்தாவ, காலக் கொண்டுவரல்ல,” என்பார். தூக்கியவர்களில் சேவியரும் ஒருவன். அவனை அவர் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த மழைக்கு முன் கோயில் முற்றத்துக்கு அவனையும் கூட்டாளிகளையும் வரவழைத்து, தன்னை நாற்காலியோடு தூக்கிப் பழகவைத்தார். “சாக்கு மூடையா நான்? எங்க பிடிக்கணும்னு எங்கிட்டக் கேளு மக்கா. கேட்டுட்டுத் தொடு.”

எனக்குப் பார்வையில்லை. என் வீட்டுக்கு வந்தபோது, யார் என்னைக் கூட்டிப்போவார்கள் என்பதோடு பேச்சை முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். “சாரே, ஒமக்கு சேவியர் வருவான். நீரு யாருக்குப் போவீரு?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “கரண்டு போனா எல்லாவனும் குருடன்தான். இருட்டுல ஊருக்குள்ள தப்பாம நடக்கியது நீரு ஒருத்தர்தான்.” என் பக்கத்து வீட்டு அருளப்பனுக்குக் காது கேட்காது, ஒலிபெருக்கி அறிவிப்பு அவரை எட்டாது. அவரை அழைத்துவருவது என் பொறுப்பானது. அதுவரை யாரும் என்னை நம்பி ஒருவரை ஒப்படைத்ததில்லை.

கடைசிக் காலத்தில் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருந்தார். கரண்ட் போனால் உதவ ஒரு சிலிண்டரும் இருந்தது. ஆற்றுவெள்ளம் தெருவுக்குள் புகுந்த அந்தக் காலையில் கரண்ட் போனது. சேவியரும் கூட்டாளிகளும் உடனே வந்தார்கள். எங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்டார்கள், சொன்னார். நாற்காலியோடும் சிலிண்டரோடும் வள்ளத்தில் ஏற்றினார்கள். “மத்தவிய எல்லாரும் ஏறியாச்சா மக்கா?” என்று கேட்டாராம். மேட்டில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் மரம் விழுந்து கிடந்ததால் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. சிலிண்டரில் காற்று மிச்சமிருந்தது, நெஞ்சில்தான் பலமில்லை.

அன்று நம்மில் ஒருவரும் விடுபடவில்லை. அக்கா மட்டும் முகாமுக்கு வந்து சேரவில்லை.

நான் முகாமுக்கு அழைத்துவந்திருந்த அருளப்பனுக்குச் செய்தியை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். என் இரு கைகளையும் பற்றி, சக்கரங்களை உருட்டுவதுபோல மெல்ல முன்னால் தள்ளினார். மறுபடியும் தள்ளினார். ஸ்டெல்லா அக்காவுக்கு அவர் சைகையில் வைத்திருந்த பெயர் அதுவென்று அப்போதுதான் அறிந்தேன்.

அக்காவின் முகத்தை நான் பார்த்ததில்லை. அந்தப் பெயர் என் கைகளில் இருக்கிறது.