பூண் தேய்ஞ்ச தூண்டில்

இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க. ரோட்டுல வண்டிச் சத்தம், நானும் கத்திப் பேசுற ஆள் இல்லை. பழைய சாமான் யாவாரத்துல ஒரு பொருளை விக்கிறது கஷ்டமே இல்லை, அது என்ன பொருள்னு வந்தவங்களுக்குச் சொல்றதுதான் கஷ்டம். தார்ப்பாய் விரிச்சு வெயில்ல காயற உங்களுக்குத் தெரியாததா?

கட்கி பஜாருக்குப் பின்னால ஞாயித்துக்கிழமையில கடை போடறவ நான். படிப்பு மூணாவதோட சரி. மாத்தலாகிப் போற மிலிட்டரி வீடுகள்ல மொத்தமா மூட்டை எடுப்பேன். இங்கிலீஷ்ல பேர் எழுதியிருந்தாலும் படிக்க வராது. தட்டிப் பாத்து, மோந்து பாத்து, சத்தம் கேட்டுத்தான் எனக்கு மதிப்பு.

ஒட்டடைக் கம்பு

ஒரு ஆபீசர் வீட்டு மூட்டையில காக்கித் துணிப் பை ஒண்ணு வந்துச்சு. உள்ள ரெண்டு துண்டு மூங்கில். ஒண்ணோட ஒண்ணு சொருகலாம். சொருகினா என் உயரத்துக்கு மேல ஒரு முழம் நின்னுச்சு. கைப்பிடியில தக்கை, அடியில பித்தளைப் பூண். மழமழன்னு இருந்துச்சு. பெரிய வீட்டுல ஒட்டடை அடிக்கிறதுன்னு முடிவு பண்ணி, துடைப்பக்கட்டையோட சாத்தி வெச்சேன்.

மராத்திக்காரம்மா ஒருத்தி எடுத்துப் பாத்தா. கம்பு நெடுக நூல் சுத்திக் குட்டிக் குட்டி வளையம் கட்டியிருந்ததைக் காட்டி, இது எதுக்குன்னு கேட்டா. எனக்கென்ன தெரியும்? சும்மா இருக்காம, ஆணியில மாட்டறதுக்குன்னு சொல்லிட்டேன். அவ ஒவ்வொண்ணா எண்ணிட்டுக் கீழ வெச்சா.

"மாட்டறதுக்கு எட்டு வளையமா மௌஷி? உங்க வீட்டுல எத்தனை ஆணி?"

புளி

சரி, பாக்க லட்சணமா இருந்தாலாவது போகுமேன்னு, அடுத்த வாரம் அந்தப் பூணைப் புளி போட்டு, செங்கல் பொடி போட்டுத் தேய்ச்சேன். கார்த்திகைக்குக் குத்துவிளக்கு தேய்க்கிற தேய்ப்பு. முகம் பாக்கலாம் அப்படி ஒரு பளபளப்பு. எனக்கே பெருமை தாங்கல.

அன்னிக்கு வந்தவர் கோயமுத்தூர்த் தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், லீவு நாள்னா அணைக்கட்டுல மீன் பிடிக்கிறவர். தூரத்துல பாத்ததுமே ஓடி வந்தார். "ஏனுங்கம்மா, இது தூண்டில் கோலுங்க!" மூங்கிலைச் சுத்தி விரலை ஓட்டிக் காட்டினார். ஒரே கழி இல்லை அது, ஆறு பட்டையாச் சீவி ஒட்டினது. அப்புறம் ரெண்டு துண்டையும் வெடுக்குன்னு பிரிச்சார். சோடா மூடி திறந்த மாதிரி 'டுப்'புனு ஒரு சத்தம். சொருகற இடத்துப் பூட்டு தேயலைன்னா அப்படித்தான் சத்தம் வருமாம். அந்தச் சத்தத்தை நான் காதுல வாங்கி வெச்சுக்கிட்டேன்.

கடைசியாப் பூணைத் திருப்பினார். செஞ்சவங்க பேரோ வெச்சிருந்தவங்க பேரோ அங்கதான் வெட்டியிருப்பாங்களாம். திருப்பினவர் எழுத்து ஒண்ணும் தெரியாம, என் மூஞ்சியையும் பூணையும் மாத்தி மாத்திப் பாத்தார். பேர் தெரியாம வாங்க மாட்டேன்னு வெச்சிட்டுப் போகும்போது சொன்னார்:

"அழுக்குதானுங்கம்மா இதுக்குச் சாட்சி. சாட்சியக் குளிப்பாட்டி அனுப்பிட்டீங்களே!"

பவுடர்

ரேவதின்னு ஒரு பொண்ணு வந்தது ஒரு புதன்கிழமை, நேரா என் வீட்டுக்கே. வானவடியில அவளுக்குப் புது பிளாட். வீடு மாத்தும்போது மாமனாரோட துணிப்பை ஒண்ணை, உள்ள என்னன்னுகூடப் பாக்காம காயலான் சாமான் எடுக்கிற பங்கார்காரன்கிட்டப் பழைய இரும்போட தூக்கிக் குடுத்திருக்கா. அது அவரோட தூண்டில். கன்னியப்பன்னு பேரு, பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவர், ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்.

"திட்டினாக்கூடப் பரவால்ல ஆன்ட்டி. ஒரு வார்த்தை சொல்லல. 'பசியில்லம்மா'ன்றார், கீழ போய் மிசல் பாவ் சாப்பிட்டு வரார். மூணு வாரமா என் கையால ஒரு வாய் சாப்பிடல." ஏரவாடாவுல ஆரம்பிச்சு ஒரு பங்கார் கடை விடாம ஏறி இறங்கி, யாரோ சொல்லி என்கிட்ட வந்திருக்கா. பூணுல அவர் பேரோட முதல் எழுத்து, இங்கிலீஷ் கே, வெட்டியிருக்கும், அது ஒண்ணுதான் தெரியும்னா.

தேய்ச்சுத் தொலைச்சிட்டேனேம்மான்னு கோலை எடுத்து நீட்டிட்டு நான் முழிச்சேன். அவ கெட்டிக்காரி. கைப்பையில இருந்து முகப் பவுடரை எடுத்துப் பூண் மேல கொட்டித் தடவி, முந்தானையால லேசா ஒத்தினா. பள்ளத்துல மட்டும் பவுடர் நின்னு வெள்ளையா ரெண்டு எழுத்து எழும்பிச்சு. எனக்குப் படிக்க வராதுதான். ஆனா கே எனக்குத் தெரியும், கட்கி ஸ்டேஷன் போர்டுல முதல்ல நிக்கிற எழுத்தாச்சே. இது ரெண்டுல எதுவும் கே இல்லை.

ரேவதியும் அதைப் பாத்தா. கண்ணு கலங்கும்னு நினைச்சேன், கலங்கல. பவுடரை ஊதி விட்டுட்டுக் கேட்டா:

"ஆன்ட்டி, புளியும் செங்கல் பொடியும் மிச்சம் இருக்கா?"

டுப்

ஞாயித்துக்கிழமை ஸ்கூட்டர் பின்னால அவரை உக்கார வெச்சுக் கூட்டி வந்தா. ஒல்லியான மனுஷன், முறுக்கு மீசை. கோலைக் கையில வாங்கினார். தக்கையைப் பிடிச்சார். அந்த ரெண்டு எழுத்தும் இப்ப இல்லாத பூண் மேல கட்டைவிரலை வெச்சு ஒரு சுத்து சுத்தினார். ரேவதி முந்திக்கிட்டா: "எழுத்து தேஞ்சிடுச்சு மாமா. இந்த ஆன்ட்டிதான் புளி போட்டுத் தேச்சிட்டாங்க." பழி என் தலையில. இருக்கட்டும்னு நானும் தலையாட்டினேன்.

அவர் ரெண்டு துண்டையும் பிரிச்சார். 'டுப்'. மறுபடி சொருகினார், மறுபடி பிரிச்சார். அப்புறம் மருமக முகத்தைப் பாத்தார். வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போன முகம். "இதேதாம்மா"ன்னார். அவ திரும்பி நின்னு கண்ணைத் துடைச்சிட்டு, ஸ்கூட்டரை எடுக்கப் போனா.

அவ தள்ளிப் போனதும் மனுஷன் பைக்குள்ள துண்டுகளைப் போட்டுக் கட்டிக்கிட்டே, என் பக்கம் குனிஞ்சார்.

"என்னுது மூணு துண்டு, தங்கச்சி. அவகிட்டச் சொல்லிடாத."

ஸ்கூட்டர்ல ஏறி, பையை நெஞ்சோட நிமித்திப் பிடிச்சுக்கிட்டு, எனக்கும் கேக்கிற மாதிரி மருமககிட்டக் கேட்டார்: "மத்தியானத்துக்கு என்ன கொழம்பு?"

ஆளுக்கொரு உண்மைய என் தலையில ஏத்திட்டு ரெண்டு பேரும் சாப்பிடப் போயிட்டாங்க. இத்தனை வருஷ யாவாரத்துல விக்கவும் முடியாம, பங்கார்ல போடவும் முடியாம என்கிட்டத் தங்கிப் போன சரக்கு அது ஒண்ணுதான்.