ஆளில்லா வீடுகளுக்கு விளக்கு

அத்தான் தவறிய பிறகு அக்காவைக் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று, மும்பை குர்லாவில் இருக்கும் என் கடையை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு அந்தமானுக்குப் போனேன். போர்ட் பிளேரிலிருந்து இன்னொரு கப்பல், அப்புறம் ஒரு படகு. குடல் வாய்க்கு வந்துவிட்டது. தாராவியில் வளர்ந்த பெண்ணை இந்தத் தீவில் கட்டிக்கொடுத்தவர்களைத் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

பாக்குத் தோப்புக்கு நடுவே இரண்டு வரிசை மரவீடுகள். எல்லா முற்றத்துக் கொடியிலும் சேலை, சட்டை. பரவாயில்லை, ஜனக்கட்டான ஊர்தான் என்று நினைத்தேன். ஆனால் ஒரு குழந்தை அழவில்லை, ஒரு பாத்திரம் உருளவில்லை. தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் தட்டு அதிரும்.

சாயங்காலம் அக்கா மண்ணெண்ணெய் விளக்குகளோடு கிளம்பினாள். கூடவே போனேன். ஒவ்வொரு வீடாகத் திறந்து ஜன்னலோரம் ஒன்றை ஏற்றிவைத்தாள். உள்ளே கட்டில் இருந்தது, சாமி படம் இருந்தது. ஆள் இல்லை.

"பிள்ளைய படிப்பு, வேலைன்னு எல்லாரும் போயிட்டாவ. நானும் இன்னும் ரெண்டு குடும்பமும்தான் மிச்சம். ஊரு காலின்னு தெரிஞ்சா சர்க்காருல படகை நிப்பாட்டிருவாவ. பெறவு ஒரு காய்ச்சல்னா எங்க போவ? படகு என்னைக்கு வரும்னு தெரியாது, அதான் தெனமும் ஏத்துதோம்."

கொடியில் தொங்கியதும் போனவர்கள் விட்டுப்போன துணிதானாம். ஆளில்லாத ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, "மதினி, வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு அக்கா உள்ளே நுழைந்தாள். இனி இவளை இங்கே விட்டுவைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் முரண்டு பிடித்தேன். ஒருவழியாகச் சம்மதித்தாள். மிச்சமிருந்த ரெண்டு குடும்பத்தில் ஒன்றான பக்கத்து வீட்டுப் பெண் படகுத்துறைவரை வந்தாள். அக்கா வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்தாள்.

"கவலைப்படாதீங்கக்கா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டு அவள் ஊருக்குள் திரும்பிப் போனாள்.

பாக்கு மூட்டைகளை ஏற்றிப் படகு நகர்வதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. அக்கா ஊரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் வந்தது. கடைசியாகப் பலா மரத்தடி வீட்டில் வந்தது. அது அவள் வீடு. அந்தப் பெண்தான் ஏற்றியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

அத்தனை வீடுகளுக்கும் தன் கையால் விளக்கு வைத்தவள் நகம் பதிய என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏல, என் வீட்டுக்குள்ள யாருல இருக்கா?"