சந்தனப் பொட்டும் சாப்பாட்டு மேசையும்

விக்னராஜாவிடம் ரைபிள் இருந்தது என்றதும் யாரும் பயந்துவிட வேண்டாம். வீட்டுக்குள் வந்த கரப்பான் பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய்த் தோட்டத்தில் விடுகிற மனிதர் அவர். சுத்த சைவம். ஆயுளில் அவர் சுட்டதெல்லாம் நூறு கெஜம் தள்ளி ஒட்டியிருந்த தாளை மட்டும்தான். அந்தத் தாளுக்காக எங்களைப் படுத்திய பாட்டைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

1977இல் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் அவர் வீட்டுப் பின்னறையில் நான் குடியிருந்தேன். இருவருக்கும் ஒரே பெயின்ட் தொழிற்சாலையில், ஒரே பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் மதுரைக்காரன். அவருடைய விளையாட்டு இதுதான்: ரைபிளை மேசைமேல் மணல் பைகளில் கிடத்திவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரே தாளில் ஐந்து முறை சுட வேண்டும். ஐந்து ஓட்டையும் ஒரே ஓட்டையாகத் தெரிந்தால் கெட்டிக்காரன். கடையில் விற்கும் தோட்டா இதற்கு உதவாதாம். சொந்தக் கையால் செய்ய வேண்டுமாம். சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளை எடை பார்த்துப் பிரிப்பார். வெடிமருந்தைத் துளித் துளியாகத் தராசில் நிறுத்துக் கொட்டுவார். குண்டை வைத்து அழுத்துவார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். இதே ஆளை ரசத்துக்கு உப்புப் போடச் சொன்னால் கைநிறைய அள்ளிப் போடுவார்!

இத்தனையும் நடந்தது குசினி என்று அவர்கள் சொல்லும் சமையலறையின் மேசையில். வீட்டில் இருந்ததே அந்த ஒரு மேசைதான். குண்டு அழுத்துகிற இரும்புக் கருவியை நாலு போல்ட் போட்டு அதில் முடுக்கி வைத்திருந்தார். மூன்று வருடமாக அவர் மனைவி யோகா அக்கா காய் நறுக்கியது தரையில். நாங்கள் சாப்பிட்டது மடியில் தட்டை வைத்துக்கொண்டு. என் லுங்கியில் குழம்பு கொட்டாத நாளே கிடையாது.

ஒருநாள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. காதிலிருந்த கல்லுத் தோட்டைக் கழற்றி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இஞ்சாருங்கோ, ஒக்டோபர் போட்டியிலை உங்கட அஞ்சு ஓட்டையும் இதுக்குள்ளை அடங்கவேணும். அடங்காட்டி மேசை எனக்கு. ஓமோ?"

"ஓம்," என்றார் மனிதர், கொஞ்சமும் யோசிக்காமல்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவர் குசினி வாசலிலேயே நின்றுவிட்டார். அழுத்துகிற கருவியின் நெற்றியில் குங்குமம். தராசு, கோதுகள், நோட்டு எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால், சந்தனமும் பூவுமாக.

"யோகா! எனக்கு இண்டைக்குத் தோட்டா செய்யவேணும்!"

"பூசைக்கு வைச்ச ஆயுதத்தைத் தொடக்கூடாது. நாளைக்குக் காலமை விஜயதசமிப் பூசை முடியட்டும்."

"வேணுமெண்டுதானே செய்தனீர்?"

"ஐயோ, சத்தியமா இல்லை. ஆயுதம் எண்டு இந்த வீட்டிலை உங்கட சாமான்தானே கிடக்கு."

அக்கா சிரிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். சிரித்தார்.

சாமி கும்பிடவே வராத விக்னராஜா, சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் குளித்துவிட்டு வந்து மணி அடித்தார். கற்பூரம் அணைந்ததுதான் தாமதம், தராசைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வழக்கமாக வெறும் தட்டோடு முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று மூன்று தரம் பார்ப்பவர், அன்றைக்கு இருந்த அவசரத்தில் அதைப் பார்க்கவே இல்லை. மத்தியானத்துக்குள் இருபத்தைந்து தோட்டா தயார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் முதல் முறையாக மைதானத்துக்கு வந்தார். மணல் பைகளைச் சுமந்தது யார் என்று கேட்காதீர்கள். விக்னராஜா ஐந்து முறை சுட்டார். கிளப் செயலாளர் ராய் தாளைக் கொண்டுவந்து இரண்டு தரம் அளந்தார். அக்கா தோட்டைக் கழற்றி ஓட்டைமேல் வைத்தார். மயிரிழைகூட வெளியே தெரியவில்லை. அக்காவின் முகம் தொங்கிவிட்டது. போச்சு, என் லுங்கிக்கும் விமோசனம் இல்லை!

வீட்டுக்கு வந்து தராசுத் தட்டைத் துடைக்கத் திருப்பியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. தட்டின் அடியில், காய்ந்து ஒட்டிக்கிடந்தது ஒரு சந்தனப் பொட்டு. சுரண்டி நிறுத்துப் பார்த்தார். அவ்வளவு எடைக்கு ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்து குறைந்திருக்கிறது! மூன்று வருட நோட்டில் எங்கேயும் இல்லாத அளவு.

"அதுக்கென்ன? இனி அவ்வளவையும் குறைச்சுப் போட்டால் சரி," என்றார்.

அடுத்த சனிக்கிழமை அப்படியே குறைத்துப் போட்டுச் சுட்டுப் பார்த்தார். ஓட்டைகள் பொரி இறைத்த மாதிரி விழுந்தன. அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே கதை.

"காத்து," என்றார்.

"காத்தா? கொடி அசையவே இல்லையே அண்ணே!" என்றேன். காற்றுப் பார்க்கிற கொடியை நட்டவனே நான்தானே.

மாநிலப் போட்டிக்கு முதல்நாள் காலையில், தராசுத் தட்டும் கையுமாகக் குசினியில் வந்து நின்றார்.

"யோகா, அந்தப் பொட்டை ஒருக்கா வையுமன்."

தரையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "கெமிஸ்ட் எல்லோ நீங்கள்? அளந்து நீங்களே வையுங்கோவன்."

"நான் வைச்சுப் பாத்தனான். சரிவரேல்லை."

எனக்குச் சிரிப்புப் பீறிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

"மேசை?" என்றார் அக்கா.

அவர் தட்டைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன். கடைசியில் ஸ்பேனரை எடுத்தார். ஒரு போல்ட்டுக்கு ஒரு பெருமூச்சு. கருவி துணி துவைக்கும் அறைக்குப் போனது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து, மோதிர விரலால் தட்டின் அடியில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார்.

அன்றைக்கு மத்தியானம் மூவரும் மேசையில் சாப்பிட்டோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியொரு சந்தோஷம். அடுத்த நிமிடம் சிந்திய ரசம் போல்ட் ஓட்டை வழியாக நேரே என் லுங்கியில் இறங்கியது.

அக்கா காதிலிருந்து தோட்டைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

"எங்கை, இந்த நாலு ஓட்டையையும் இதுக்குள்ளை அடக்குங்கோ பாப்பம்!"