மராத்தி எழுத்தில் ஒரு தமிழ்க் கவிதை

தொண்ணூறுகளின் நடுவில் புனேயில் நாங்கள் ஒரு கவிதை விழா தொடங்கினோம். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஹாலில் நடக்கும். சென்னையிலிருந்து யாரையும் அழைப்பதில்லை. இந்த ஊரில் பிழைக்கிறவர்கள் எழுதியதை இந்த ஊரிலேயே கேட்பது என்று முடிவு. நான் வங்கியில் குமாஸ்தா. கவிதை எழுத வராது. எழுதுகிறவர்களைத் தேடிப்பிடித்து அழைத்து வருவேன்.

அப்படிக் கிடைத்தவர்தான் புனேயின் கசார்வாடிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருந்தவர். மேடைக்கு வரும்போதும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். யாரையும் பார்க்காமல் மெதுவாக வாசிப்பார். மனைவி இறந்த செய்தி அவருக்குப் பட்டறையில், சாப்பாட்டு நேரத்தில் வந்ததாம். அதைப் பற்றிய கவிதையில் மனைவி என்ற சொல்லே வராது. "எந்திரம் நின்ற வேளையில் / வாயருகே வந்த ஒரு பிடி சோறு / இன்னும் வந்து சேரவில்லை" என்று முடியும். முதல் விழாவில் அதை வாசித்தபோது யாருக்கும் கை தட்டக்கூடத் தோன்றவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கூட்டம் பெருகியது. ஐடி வேலைக்கு வந்த இளைஞர்களை இழுக்க, விழாக் குழுச் செயலாளர் வினாடி வினா, மெல்லிசை, இலைச் சாப்பாடு என்று சேர்த்துக்கொண்டே போனார். கவிதைக்கு அரை மணி நேரம் மிஞ்சியது. அந்தச் சமயத்தில்தான் டர்னருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின.

"இந்த வருஷம் அவருக்கு ஒரு பொன்னாடை போட்டுடலாம் சார். அஞ்சு நிமிஷம் போதும்" என்றார் செயலாளர்.

அவருடைய அந்தக் கவிதையையும் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். அவர் மகளே வாசிக்கட்டும் என்றவனும் நான்தான்.

மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மராத்தி எழுத்துல எழுதிக் குடுங்க, பக்கா படிச்சிடுவேன்" என்றாள். மதிய இடைவேளையில் வங்கி மேஜையிலேயே அவசரமாக எழுதிக் கொடுத்தேன். ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

விழாவன்று சாப்பாட்டுக்குச் சற்று முன்னால்தான் அவளை மேடையேற்றினார்கள். சாம்பார் வாசனை ஹாலுக்குள் வந்துவிட்டிருந்தது. அவளுடைய அப்பா முன்வரிசை நாற்காலியில், சரிந்த பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். அவள் தெளிவாகத்தான் வாசித்தாள். குறிலை நான் நெடிலாக எழுதிவிட்டேனோ, அவள்தான் நீட்டிப் படித்தாளோ, கடைசியில், "வாயருகே வந்த ஒரு பீடி சோறு" என்றாள்.

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "பீடியா?" என்றான் இன்னொருவன். சரியாகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்து, அவள் அதே வரியை இன்னும் உரக்க வாசித்தாள். இந்தத் தடவை ஹால் முழுவதும் சிரித்தது.

அவர் இடது கையால் நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். "பி... பி..." என்று வாய் கோணியது. மேடையோரம் நின்றிருந்த நான் மைக்கிடம் போய் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். போகவில்லை. செயலாளர் மைக்கை வாங்கி, "எல்லாரும் வரிசையா சாப்பிட வாங்க" என்றார்.

மறுவாரம் கசார்வாடியில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "தப்பு என்னோடதுதான். குழந்தைமேல தப்பில்ல" என்றேன். அவர் திரும்பவே இல்லை.

வாசல் வரை வந்த மகள் சொன்னாள்: "அந்தக் கவிதைல வர்றது அம்மா போன அன்னிக்கு நடந்ததுன்னு விழால சாப்பிடறப்போ ஒரு ஆன்ட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்க ஏன் அங்கிள் சொல்லல?"

அவளுக்குத் தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"இனிமே கவிதை, விழான்னு வராதீங்க, ப்ளீஸ்."

அந்த மழைக்காலம் முடியுமுன் அவர் இறந்துபோனார். நான் அதற்குள் ஊரின் மறுகோடியில் கோந்த்வாவுக்கு வீடு மாறியிருந்தேன்; செய்தி வந்தபோது காரியங்களெல்லாம் முடிந்துவிட்டன. அடுத்த விழாவின் நிகழ்ச்சி நிரலில் கவிதை இல்லை. செயலாளரிடம் நான் ஏனென்று கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணை ஒரு பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். முகம் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். "எப்படி இருக்கீங்க காகா?" என்று மராத்தியில் கேட்டாள். தமிழில் அங்கிள் என்றவள் இப்போது காகா என்றாள். நன்றாக இருக்கிறேன் என்று நானும் மராத்தியிலேயே சொன்னேன். அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது.