குடையும் காலும்

தின்னர் நாற்றம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். பெயிண்ட் கடை வாசலைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். கூட வருகிறவர்கள் தலைவலியா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து பை அச்சடிக்கும் கடை வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, ஜவுளிக்கடைக்கு மஞ்சள் பை. மிஷின் திருச்சியில் பழசாக வாங்கியது. கரண்ட் கிடையாது, கையால் இழுக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங். கீழே ஒரு இரும்பு ஸ்டாண்டு, அதன் நடுவில் ஒரு தூண், முன்னால் பையை விரிக்க ஒரு பலகை. தூணின் தலையில் நான்கு கை வைத்த சக்கரம் சுற்றும். ஒவ்வொரு கையிலும் ஒரு சட்டம், சட்டத்தில் இழுத்துக் கட்டிய சல்லாத் துணி, ஒரு கைக்கு ஒரு கலர். சக்கரத்தைச் சுற்றி, சட்டத்தைப் பை மேல் இறக்கி, மையை ரப்பர் கட்டையால் நம் பக்கமாக இழுத்தால் அச்சு விழும். மேலே இருந்ததை வீட்டில் "குடை" என்போம், கீழே இருந்ததைக் "கால்" என்போம்.

முதல் கலர் பெரியப்பா இழுப்பார். அது கோடு மட்டும், லேசான வேலை. கோட்டுக்குள் நிரப்புகிற இரண்டாவது கலர் அப்பாவுடையது, அழுத்தி இழுக்க வேண்டும். அந்த இரண்டாவது கலர் என்றைக்குமே கோட்டுக்குள் நின்றதில்லை. கும்பத்தின் சிவப்பு கும்பத்துக்கு வெளியே ஒரு நூல் வழிந்து நிற்கும். "தம்பி கை ஆடுது" என்று பெரியப்பா முதலில் கடைக்குள் சொன்னார். பிறகு டீக்கடையில் சொன்னார். பிறகு, "ராத்திரியில எங்க போயிட்டு வரான்னு அவனையே கேளுங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். அப்பா டீயைத் தவிர ஒன்றும் குடித்ததில்லை. அவரும் சும்மா இருக்கவில்லை, அண்ணன் கோட்டையே கோணலாகப் போடுகிறார் என்றார். இப்படியே பேசிப் பேசிக் கடை இரண்டாயிற்று.

பாகம் பிரிக்கப் பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள். நான் அப்போது எட்டாவது படித்தேன். பாத்திரம், மை டப்பா, சட்டம் எல்லாம் பிரித்தாயிற்று. மிஷின் மட்டும் மிஞ்சியது. ஒருத்தர் வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பணமாகத் தரட்டும் என்றார்கள். இரண்டு பேருமே முடியாது என்றார்கள்.

"அப்ப அத எப்படிங்க பிரிக்கிறது?" என்று கேட்டார் ஒருத்தர்.

"ஏன், ஸ்பேனர் இல்லையா?" என்றார் பெரியப்பா.

உண்மையிலேயே ஸ்பேனர் கொண்டு வந்து கழற்றினார்கள். குடை தனி, கால் தனி. சீட்டு எழுதிச் சொம்பில் போட்டு, வீட்டில் சின்னது நான்தான் என்று என்னை எடுக்கச் சொன்னார்கள். நான் எடுத்ததில் "கால்" என்று இருந்தது. பேரிங், சக்கரம், நான்கு கை எல்லாம் பெரியப்பாவுக்குப் போயிற்று. எங்களுக்கு மிஞ்சியது ஸ்டாண்டோடு ஒரு தூண். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருகி, "இந்தக் கையி வெளங்குமா?" என்றார்.

அண்ணன் வந்து காலைக் கேட்பான் என்று அப்பா காத்திருந்தார். தம்பி வந்து குடையைக் கேட்பான் என்று பெரியப்பா காத்திருந்தார். யாரும் யாரிடமும் போகவில்லை. சந்தின் எதிர் வரிசையில் கடை பிடித்த பெரியப்பா, ஆழ்குழாய்க் கிணற்றின் பழைய பைப் ஒன்றைத் தரையில் சிமெண்ட் போட்டு நட்டு, அதன் தலையில் குடையை ஏற்றிவிட்டார். அச்சு சுத்தமாக விழுந்தது. கோட்டுக்குள் கலர் அப்படியே உட்கார்ந்தது. அந்த முதல் பையை எங்கள் கடையைப் பார்த்த மாதிரி ஆணியில் மாட்டினார்.

"பாத்தீங்கல்ல? அதே குடைதான். ஆளு மாறுனதும் கலரு நிக்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

எங்களுக்கு வேலை வரவில்லை. வேலை வந்தாலும் குடை இல்லை. நான் ஒன்பதாவது போகவில்லை. அப்பா எங்கே போனாலும் என்னையும் கூட்டிப் போனார். இரும்பைத் தூக்க ஒரு ஆள் வேண்டும்.

சந்தின் கோடியில் இருந்த லேத்துக்காரரிடம் ஒரு சக்கரம் கடைந்து தரக் கேட்டோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உங்க அண்ணன் சொல்லிட்டுப் போயிட்டாருங்க. அவரும் நமக்கு வாடிக்கை. என்னைய நடுவுல நிறுத்தாதீங்க."

மறுநாள் அரியலூர் பஸ்ஸில் ஏறினோம்.

அரியலூரில் சிமெண்ட் லாரிகளை உடைக்கிற காயலாங்கடைகள் வரிசையாக இருந்தன. கண், மூக்கு எங்கும் சுண்ணாம்புத் தூசி. ஒன்றில் டிராக்டர் டிப்பர் சக்கரத்தின் நடுக்குடம் ஒன்று கிடந்தது. உள்ளே இரண்டு பேரிங்கும் இருந்தன. அப்பா அதைக் கையால் சுற்றிவிட்டு, நிற்கும் வரை பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"என்னங்க, ராட்டினம் போடப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"பை அடிக்க."

"டிப்பர் சக்கரத்துலயா? பையா, சிமெண்ட் மூட்டையா?"

அப்பா விலை பேசி அதை வாங்கி வந்தார். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து, தூணின் தலையில் ஏற்றினார். நான்கு கைக்கு ஆங்கிள் இரும்பு வேண்டும். அதற்கு எங்கும் போகவில்லை. அம்மாவின் சீர்க் கட்டில் இரும்புக் கட்டில். அதை வாசலில் கவிழ்த்துப் போட்டு ஆக்ஸா பிளேடால் அறுத்தார்.

"எங்க வூட்டுச் சீரை அறுத்துத்தான் உங்க அண்ணன செயிக்கணுமா? அறுங்க. அப்பறம் என்னையும் அறுத்து ஒரு கையா மாட்டுங்க" என்று அம்மா தெருவுக்கே கேட்கக் கத்தினார். அன்றிலிருந்து நாங்கள் தரையில் படுத்தோம்.

சட்டத்தைத் தூக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வேண்டும். மொபெட் ஸ்டாண்டு ஸ்பிரிங் சரியாக இருந்தது. மை தள்ளும் ரப்பருக்கு லாரி டியூபை வெட்டிப் பார்த்தோம். தின்னர் பட்டதும் ஊதி அப்பளம் மாதிரி நெளிந்தது. ரப்பரை மட்டும் திருச்சியில் வாங்கினோம். கால் பக்கம் யாரும் குனிந்து பார்க்கவில்லை. "அது நிக்கிறதுதானே, அதுக்கு என்ன கேடு" என்று அப்பா மேலோடு ஒரு துடைப்புத் துடைத்ததோடு சரி.

எல்லாம் முடிந்து இரண்டு கலர் அடித்துப் பார்த்தோம். சிவப்பு ஒரு நூல் வெளியே நின்றது. மறுபடி அடித்தோம். மறுபடியும் வெளியே.

அப்பா மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இழுத்தார். முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு இழுத்தார். கலர் நிற்கவில்லை. அந்த நாட்களில் வீட்டில் டீ கொடுத்தால், டம்ளரை விளிம்பு வரை ஊற்றச் சொல்லித் தூக்கிப் பிடித்து, ததும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். டீ ஆறிப்போகும். ததும்பாது. ஆனாலும் அவருக்கே அவர் கை மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதை நான் பெரியப்பா கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

பங்காளி ஒருவர் மூலமாகப் பெரியப்பா சொல்லியனுப்பினார்: "ஸ்கிரீன் கழுவ ஒரு ஆளு வேணும். கழுவுறதுக்குக் கை ஆடுனா பரவால்ல. வரச் சொல்லு."

அந்த வாரத்தில்தான் லப்பைக்குடிக்காட்டிலிருந்து மளிகைக்கடை பாய் வந்தார். மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை துபாயிலிருந்து லீவில் வருகிறார். பையில் பச்சைக் கோட்டில் பிறை, உள்ளே தங்கக் கலர். பாய் இரண்டு கடையிலும் ஏறினார்.

"ரெண்டு பேருமே ஒரு மாதிரிப் பை அடிச்சு வைங்க. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சுட்டு வரேன். எது நல்லாருக்கோ அங்க குடுப்பேன். யாரும் மனசுல வச்சுக்கக் கூடாது."

அவர் சொந்தத்தில் அடுத்தடுத்து கல்யாணம். அந்தப் பை பெரியப்பாவுக்குப் போனால் ஊரே அவருக்குப் போகும், அப்பா ஸ்கிரீன் கழுவப் போக வேண்டும். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா மட்டும், "போனா நான் இந்த வாசப்படியில இருக்க மாட்டேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அப்பா வெளியே போயிருந்தார். நான் ரப்பரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கை இடித்துத் தின்னர் டப்பா சாய்ந்து தூணின் அடியில் ஓடிற்று. தூணில் அடித்திருந்த பச்சை பெயிண்ட் சுருங்கிக் கிளம்பியது. துணியால் துடைத்தேன். பெயிண்ட்டோடு, லாரிக்காரர்கள் ஒடுக்கில் பூசுகிற "பட்டி"யும் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. அடியில் கறுப்பாக ஒரு கோடு. தூணை என் பக்கமாக இழுத்தேன். கோடு வாய் மாதிரி திறந்தது. விட்டேன். மூடிக்கொண்டது.

அப்பா வந்ததும் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து நகத்தை உள்ளே விட்டுப் பார்த்தார். தூண் அடியில் ஒட்டுவிட்டு விரிந்திருந்தது. லேசாக இழுத்தால் தெரியாது. அழுத்தி இழுத்தால் மேலே உள்ளதெல்லாம் இழுக்கிறவர் பக்கம் ஒரு நூல் சாயும். கலர் எப்போதும் எங்கள் பக்கமாகத்தான் வழிந்திருக்கிறது, ஒரு நாளும் பக்கவாட்டில் போனதில்லை. கை ஆடினால் நாலா பக்கமும் போயிருக்க வேண்டும். திருச்சியில் விற்றவன் பட்டி பூசி, பெயிண்ட் அடித்துத் தலையில் கட்டியிருக்கிறான். அண்ணனும் தம்பியும் அதன் மேல் நின்றுகொண்டு இத்தனை வருஷம் ஒருத்தரை ஒருத்தர் கடித்திருக்கிறார்கள்.

"வாங்குன அன்னிக்கே இருந்திருக்கு" என்றார் அப்பா.

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகினார். "நான் இப்பவே போறேன். அந்த மனுசனக் கையோட இழுத்துட்டு வந்து இதக் காட்டுறேன்."

"உக்காரு."

"என்ன உக்காரு? ஊரெல்லாம் குடிகாரன்னு பேரு வாங்கிட்டு..."

"காட்டுனா வருவான். பாத்துட்டு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவான். மறுபடி ஒண்ணா இருப்போம்பான். எனக்கு வேண்டாம்."

"அப்ப ஊரு?"

"பை பேசட்டும்."

பிறகு என்னைப் பார்த்து, "நீயும் யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

காலைக் கழற்றிப் பஸ் மேலே கட்டிப்போட்டு அரியலூருக்குக் கொண்டுபோனோம். லாரி சேசிஸ் ஒட்டுகிற ஆள் ஒருவர் தூணைச் சுற்றித் தடியாக வெல்டு வைத்தார். இரும்பு ஆறியதும், "தேச்சு விட்டுடவா? பாக்க அசிங்கமா இருக்கு" என்றார்.

"இருக்கட்டும்" என்றார் அப்பா.

வியாழக்கிழமை அடித்தோம். நான் பையை விரித்தேன், அப்பா இழுத்தார். மணிக்கட்டில் துண்டு இல்லை. தங்கக் கலர் பிறைக்குள் போய் உட்கார்ந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு இன்னொன்று அடித்தார். இன்னொன்று. எல்லாம் ஒன்று போல இருந்தன.

வெள்ளிக்கிழமை பாய் வந்தார். எதிர்க்கடைப் பையையும் எங்கள் பையையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் சுத்தம். ஆனால் தங்கக் கலர் எங்களுடையதில் நிறைந்து நின்றது. அழுத்தி இழுக்கிற கை அப்பாவுடையது.

"மாஷா அல்லாஹ்" என்றவர் அப்பாவின் தோளில் கை வைத்தார். "கை குணமாயிடுச்சு போல. நானும் உங்களுக்காக துஆ செஞ்சேன் தம்பி. விட்டுட்டீங்கல்ல, அப்படியே இருங்க."

உள்ளே அம்மா ஒரு குண்டானைத் தரையில் போட்டார். அப்பா "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஆர்டர் எங்களுக்கு வந்தது. பெரியப்பா ஆணியிலிருந்த பையைக் கழற்றினார். கழற்றிவிட்டுச் சும்மா இருந்தாரா? "நான் நாலு பேரு முன்னாடி சொன்னதாலதான் ரோசம் வந்து நிறுத்திட்டான். என் தம்பிதானே, திருந்தட்டும்" என்று டீக்கடையில் சொன்னார். அப்பா அங்கே உட்கார்ந்துதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு கடையும் எதிரெதிரே வருஷக்கணக்கில் ஓடின, பேச்சுவார்த்தை இல்லாமல். பெரியப்பா செத்தபோது அப்பா போனார். வாசலில் நின்றார். பங்காளி என்பதால் தலை முழுகியாக வேண்டும், முழுகினார். அப்பாவும் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

அந்தச் சந்தில் இப்போது செல்போன் கடைகள். தாம்பூலப் பை அச்சடித்து மூட்டையாக வந்து இறங்குகிறது, பெயரை மட்டும் எங்கோ சேர்க்கிறார்கள். கை இழுக்கிற மிஷினை இங்கே பார்க்க முடியாது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. கட்டிலுக்குத்தான் வருத்தம்.

போன மாதம் பெரியப்பா மகன் வந்தான். எனக்கு அண்ணன். குடை அவன் வீட்டுப் பரணில் கிடக்கிறதாம். திருச்சியில் யாரோ பழைய மிஷின் முழுசாக இருந்தால் கேட்கிறார்களாம். காலும் சேர்ந்தால் கொடுத்துவிடலாம் என்றான். கால் எங்கள் கொல்லையில் நிற்கிறது. அதன் மேல் பலகை போட்டுத் தண்ணீர் டிரம் வைத்திருக்கிறேன்.

குனிந்து சுற்றிப் பார்த்தான். விரலால் அந்த வெல்டைத் தடவினான்.

"இது எப்ப ஒட்டுனது?"

"பழசு."

"நல்ல மிஷினு. சித்தப்பா கை மட்டும் அப்ப ஆடாம இருந்திருந்தா, ரெண்டு வூடும் ஒண்ணாவே இருந்திருக்கும்ல?"

தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். நான் இங்கே எழுதுவதையெல்லாம் அண்ணன் படிக்கிற ஆள் இல்லை. அந்த விரிசலைப் பற்றி நேரில் சொல்லியிருக்கலாம்தான். இளகின மனசு, சொன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவான். எனக்கும் அது வேண்டாம்.